பெரியப்பாவின் லிங்கன்: ஓட்டம் குறைந்த அமெரிக்கக் காரை விற்பது எப்படி?

வாகனப் பக்கம் – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

உப்புவெளியிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குச் சில மாதங்களுக்கு முன் சுருக்கமாகப் பதில் எழுதினோம். அதைப் படித்த திருகோணமலை வாசகர்கள் பலர் மேலும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் அந்த முதற் கேள்வியையும் சேர்த்து, இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: பெரியப்பா கனடாவில் ஸ்காபரோவில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு இப்போது எங்களோடு வந்து இருக்கிறார். அங்கே வீட்டுக் கராஜில் அவருடைய 1978 லிங்கன் கொன்ரினென்ரல் மார்க் 5 ஆறு வருடமாக நிற்கிறது. ‘டயமண்ட் ஜூபிலி’ பதிப்பு, நீல நிறம். ஓடியது 11,400 மட்டும். அவர் இரண்டாவது சொந்தக்காரர். அண்ணா வீட்டை விற்கப் போவதால் காரையும் விற்க வேண்டும். பார்க்க வந்த ஒருவர் உடனே காசு தந்து எடுத்துப் போவதாகச் சொல்கிறார். பெயின்ற் அடித்து, சீற் துணி மாற்றி விற்றால் கூடுதல் விலை வருமா? – வாசகி, உப்புவெளி

பதில்: அந்த மனிதருக்கு இன்னும் எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். பெயின்ற்காரரையும் குஷன் வேலைக்காரரையும் காருக்குக் கிட்டவே விடாதீர்கள்.

ஓட்டம் குறைந்த காருக்குக் கூடக் காசு கொடுப்பவர், 1978இல் மிச்சிகன் மாநிலத்து விக்சம் ஆலையிலிருந்து வெளியே வந்த அதே பெயின்ற், அதே துணி, அதே வினைல் கூரைக்காகத்தான் கொடுக்கிறார். ஒருமுறை கழற்றி எறிந்தால் அவை எந்தக் காசுக்கும் திரும்பி வராது. பெயின்றின் தடிப்பை அளக்கும் சின்னக் கருவி இன்று வாங்க வருபவர் எல்லாரிடமும் இருக்கிறது. ஆலைப் பெயின்ற் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரோன் வரை காட்டும். மீள அடித்த இடம் 200ஐத் தாண்டும். புட்டி வைத்த இடம் 500க்கு மேலே போகும். கதவோரத்தில் ஒரு கீறல் கிடந்தால் கிடக்கட்டும். அந்தக் கீறலோடு உள்ள பழைய பெயின்ற், பளபளக்கும் புதுப் பெயின்றைவிட விலை போகும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது, கார் உண்மையிலேயே அந்தப் பதிப்புத்தானா என்று உறுதி செய்வது. லிங்கனைச் செய்யும் போர்ட் நிறுவனத்தின் 75ஆவது ஆண்டுக்காக 1978இல் மட்டும் செய்த பதிப்பு இது. மொத்தம் 5,159 கார்கள். டயமண்ட் நீலம், ஜூபிலி பொன் என்ற இரண்டே நிறங்கள். இந்தத் தொகுதிக்கு மட்டும் அன்றைக்கு ஏறத்தாழ 8,000 டொலர் மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரண மார்க் 5ஐ நீலமாக்கி, எழுத்து ஒட்டி ‘ஜூபிலி’ என்று விற்பவர்களும் உண்டு என்பதால் வாங்குபவர் சந்தேகத்தோடுதான் வருவார்.

அண்ணாவிடம் சொல்லி, முன் கண்ணாடி வழியாக டாஷ்போர்ட்டின் இடது மூலையில் தெரியும் அடையாள இலக்கத் தகட்டைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். 1981க்கு முந்திய போர்ட் கார்களுக்கு 17 எழுத்து இலக்கம் கிடையாது, 11 எழுத்துத்தான். முதல் ‘8’ 1978ஆம் ஆண்டைச் சொல்லும். ‘Y’ என்று அடுத்து வருவது விக்சம் ஆலை. ‘89’ மார்க் 5 உடல். அதற்கடுத்த எழுத்து ‘A’ என்றால் 460 எஞ்சின், 7.5 லீற்றர். ‘S’ என்றால் 400 எஞ்சின், 6.6 லீற்றர். மிச்சம் ஆறும் வரிசை இலக்கம். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் இதே இலக்கம் வர வேண்டும். அங்கேதான் நிறத்துக்கும் உள்துணிக்குமான குறியீடுகளும் இருக்கும்.

இவற்றோடு மார்ட்டி ஓட்டோ வேர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போர்ட்டின் ஆலைப் பதிவுகளை உரிமத்தோடு வைத்திருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்தால் அந்தக் கார் என்ன நிறத்தில், என்னென்ன பொருத்தி, எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்று அறிக்கை தருவார்கள். விளம்பரம் போட முதல் அந்த அறிக்கையை எடுத்துவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

பிறகு கராஜ் முழுக்கத் தேட வேண்டும். இந்தப் பதிப்போடு தோல் அட்டை போட்ட கைநூல், தோல் உறையில் கருவிப் பெட்டி, நடுப் பெட்டிக்குள் காரின் நிறத்திலேயே ஒரு குடை, எல்லாம் வந்தன. பெரியப்பாவிடம் கேளுங்கள்: குடை எங்கே? அவர் அதை மழைக்குப் பிடித்துக்கொண்டு போய் வீட்டு மூலையில் சாத்தி வைத்திருக்கலாம். ஒரு குடைதானே என்று விடாதீர்கள். தனியாகத் தேடி வாங்கப் போனால் கிடைக்காத பொருள் அது. இரண்டு சோடித் திறப்பு, விலை எழுதி யன்னலில் ஒட்டியிருந்த தாள், முதல் விற்பனையாளரின் பற்றுச்சீட்டு, சீற்றுக்கு அடியிலோ கார்ப்பெற்றுக்கு அடியிலோ சொருகிக் கிடக்கும் ஆலைத் தாள், கழற்றி வைத்த பழைய ரயர், எல்லாமே கூட்டிச் சேர்த்து ஒரு பெட்டியில் போகட்டும்.

கதவில் முதல் சொந்தக்காரரின் முதலெழுத்துகள் இருக்கும். இந்தப் பதிப்புக்கு அது ஆலையே கொடுத்த வசதி. அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். எடுத்தால் கீழே நிறம் வேறாகத் தெரியும், அதோடு ஒரு சான்றும் போய்விடும்.

செய்யக்கூடிய வேலை கழுவுவது மட்டும். மென்மையான சோப்பு, இரண்டு வாளித் தண்ணீர், கையால் மெழுகு. மெஷின் பொலிஷ் வேண்டாம். வினைல் கூரையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டால் போதும், மினுக்கும் சிலிக்கோன் திரவம் எதுவும் பூசக் கூடாது. காய்ந்த பிறகு பின் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலைகளிலும் வினைலை விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே தகடு கெட்டியாக இருந்தால் விரல் வழுக்கும். மொறுமொறு என்று மண் நெரிவதுபோல் கேட்டால் உள்ளே கறள். இருந்தால் அதை மறைக்காமல் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள்.

விலைக்கு, விளம்பரத்தில் ஆட்கள் *கேட்கும்* விலையைப் பார்க்காதீர்கள். ஏலம் முடிந்து *விற்ற* விலையைப் பாருங்கள். பிரிங் எ ட்ரெயிலர் ஏலத் தளத்தில் பழைய முடிவுகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஹகேர்ட்டி காப்புறுதி நிறுவனம் கார்களை 1 முதல் 4 வரை தரம் பிரித்து மதிப்பு வெளியிடுகிறது. 1 என்றால் கண்காட்சித் தரம், 3 என்றால் நல்ல ஓட்டக் கார். தன் காரை 1 என்று நினைக்காத சொந்தக்காரர் குறைவு. ஆறு வருடம் நின்ற கார், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓடிக் காட்டும் வரை 3 என்றே கணக்கிடுங்கள்.

கேள்வி: அதே கார் பற்றி: மீற்றரில் ஐந்து இலக்கம்தான் இருக்கிறதாம். 1,11,400 ஓடியிருக்கலாம் என்று வாங்க வந்தவர் சொல்கிறார். எப்படி நிரூபிப்பது? – அதே வாசகி

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வி. அந்த மீற்றர் 99,999க்குப் பிறகு பூச்சியத்துக்கு வந்துவிடும். காரைப் பார்த்து மட்டும் யாரும் நம்ப வேண்டியதில்லை, நம்ப வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அதற்கு முதல் ஒரு சந்தேகம் தீர வேண்டும். 11,400 மைலா, கிலோமீற்றரா? அந்தக் காலத்தில்தான் கனடா மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்பீடோமீற்றரின் பெரிய எழுத்து எது என்று பார்த்தால் தெரியும். கிலோமீற்றராக இருந்தால் கார் ஓடியது ஏறத்தாழ 7,100 மைல்தான். அதைக் கவனிக்காமல் ‘11,400 மைல்’ என்று எழுதினால் உங்கள் காரை நீங்களே குறைத்துச் சொன்னதாகும். மாறி எழுதினால் ஏமாற்றியதாகும்.

நிரூபிப்பது காகிதத்தால். ஒயில் மாற்றிய ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் திகதியும் மீற்றர் எண்ணும் இருக்கும். கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கர், பாதுகாப்புச் சான்றிதழ், காப்புறுதிக் கடிதம், பதிவுத் தாள், எல்லாவற்றையும் திகதி வரிசையில் வையுங்கள். 1984இல் 6,200, 1991இல் 8,900, 2005இல் 10,700 என்பதுபோல் படிப்படியாக ஏறும் வரிசை கிடைத்தால் வாதம் முடிந்தது. நடுவில் பத்து வருடத்துக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த இடைவெளியையும் சொல்லிவிடுங்கள். விற்பவர் சொல்லாமல் விட்டதை வாங்குபவர் கண்டுபிடித்தால் மற்றக் காகிதங்களையும் நம்ப மாட்டார்.

இரண்டாவது சாட்சி தேய்மானம். பிறேக் பெடலின் ரப்பரில் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா? ஓட்டுநர் சீற்றின் வெளி ஓரம் சப்பியிருக்கிறதா? திறப்பு நுழையும் துளையைச் சுற்றிக் கீறல் எவ்வளவு? மார்க் 5இன் கதவு மிக நீளம், மிகப் பாரம். கூட ஓடிய காரில் கதவின் பிணைச்சல் தேய்ந்து, திறந்ததும் கதவு ஒரு நூல் கீழே இறங்கும், மூடும்போது தூக்கிச் சாத்த வேண்டிவரும். அண்ணா கதவைத் திறந்து, மெதுவாக மூடுவதை ஒரே வீடியோவாக எடுக்கட்டும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடிய காரின் முன் கண்ணாடியை வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மணல் தெறித்ததுபோல் நுண்ணிய புள்ளிகள் நிறையத் தெரியும். உங்கள் காரில் அவை இல்லை என்றால் அதையும் வெயிலில் படமெடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஆறு வருடம் நின்ற காருக்கு வேறு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணலாமா? அண்ணா இந்தச் சனிக்கிழமை செய்யப் போகிறார். – அதே வாசகி

பதில்: தயவுசெய்து இன்றைக்கே அவரை அழைத்து நிறுத்துங்கள். ஓட்டம் குறைந்த கார்கள் கூடுதலாகப் பழுதாவது இந்த ஒரு சனிக்கிழமை வேலையால்தான்.

காரணம் இருக்கிறது. கார் ஓடினால் தேயும், நின்றால் காயும், உலரும், பிசின் பிடிக்கும். ரப்பருக்கும் பிளாஸ்ரிக்குக்கும் மைல் கணக்குத் தெரியாது, வயதுதான் கணக்கு. அதிலும் இந்த எஞ்சின்களில் ஒரு குறிப்பான பலவீனம் உண்டு. 400, 460 இரண்டிலும் ரைமிங் செயினைச் சுற்றும் மேல் பல்சக்கரம் அலுமினியம், அதன் பற்களுக்கு மேல் நைலோன் பூச்சு. சத்தம் குறைய வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். நாற்பது வருடத்தில் அந்த நைலோன் பிஸ்கட்போல் உடையும். உடைந்த துண்டு ஒயில் தட்டில் விழுந்து பம்பின் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒயில் போகாமல் பெயாரிங் போகும். 11,400 ஓடிய எஞ்சினை ஐந்து நிமிடத்தில் கெடுக்க இது போதும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. காற்று வடிகட்டியைத் திறந்து எலிக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்காபரோக் கராஜில் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். பெற்றோல் ராங்கின் மூடியைத் திறந்து மணக்க வேண்டும். பழைய பெயின்ற் மணம்போல் புளித்து வந்தால் அந்தப் பெற்றோல் முழுவதும் வெளியே வர வேண்டும். ராங்கின் கொள்ளளவு சுமார் 25 அமெரிக்கக் கலன் என்பதால் போதிய பாத்திரம் ஆயத்தமாக இருக்கட்டும். ரப்பர்க் குழாய்கள் எல்லாம், காபரேற்றரின் வாயிலுள்ள சிறு வடிகட்டி, இவை புதிதாக வேண்டும்.

எட்டு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்கின் முன் நட்டில் பெரிய சொக்கற் வைத்துக் கையால் திருப்ப வேண்டும். எங்காவது இறுகினால் நிறுத்த வேண்டும், பலம் போடக் கூடாது.

கையால் சுழல்கிறது என்றால் இப்போதே செயின் சோதனையையும் செய்யலாம். டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்துவைத்து, ஒருவர் கிராங்கை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பி, பிறகு மறுபக்கம் மெதுவாகத் திருப்ப, மற்றவர் உள்ளே உள்ள றோட்டரைப் பார்க்க வேண்டும். கிராங்க் அசைந்ததும் றோட்டரும் உடனே அசைந்தால் நல்லது. கிராங்க் 8, 10 பாகை போன பிறகுதான் றோட்டர் அசைகிறது என்றால் செயின் தளர்ந்துவிட்டது, பல்சக்கரமும் சந்தேகம். முழு இரும்புப் பல்சக்கரத்தோடு மாற்றுத் தொகுதி இப்போதும் விற்கிறார்கள். மாற்றும்போது ஒயில் தட்டையும் இறக்கிக் கழுவ வேண்டும். இதை விட்டுவிட்டுச் செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. கழற்றிய பழைய சக்கரத்தைப் பெட்டியில் போட்டு வாங்குபவரிடம் கொடுங்கள். ஆலைத் தன்மை கெட்டது என்று இதற்கு யாரும் குறை சொல்லார், நிம்மதிப்படுவார்கள்.

பிறகு ஒயில்: வடிகட்டியோடு 5 குவாட். இன்றைய கார்களுக்கான ஒயிலில் துத்தநாகச் சேர்மானம் குறைவு, இந்த எஞ்சினின் காம் தண்டுக்கு அது வேண்டும். பழைய கார்களுக்கென்று விற்கும் 10W-40 ஒயிலாகப் பார்த்து வாங்குங்கள். புதுப் பற்றரி போட்டு, பற்றவைப்பு வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒயில் அழுத்தம் வந்ததை உறுதி செய்த பிறகுதான் அந்த வயரை மறுபடி மாட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

பிறேக் இல்லாமல் கராஜை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்தால் மிதித்த பிறேக் விடாது. திரவம் தண்ணீரை உறிஞ்சிப் பழுப்பாகியிருக்கும். ஹோஸ், திரவம் இரண்டும் புதிதாக. ரயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து வயதுக்கு மேல் ஓட்டத்துக்கு உதவாது. பக்கவாட்டிலுள்ள இலக்கம் மூன்றே எண்ணாக முடிந்தால் அந்த ரயர் 2000க்கு முந்தியது.

கடைசியாக முன் விளக்கு மூடிகள். வெற்றிட அழுத்தத்தால் மூடியிருப்பவை அவை. எஞ்சினை நிறுத்திய பிறகும் மூடியே நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தூக்கத்தில் கண் விழிப்பதுபோல் ஒரு பக்கம் மெல்லத் திறந்தால் எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் கசிகிறது. பெரும்பாலும் சில டொலர்க் குழாய்தான், ஆனால் படத்தில் ஒரு கண் திறந்த லிங்கனைப் பார்த்ததும் வாங்குபவர் மனத்தில் ஆயிரக்கணக்கில் குறைத்துவிடுவார்.

குளிரூட்டி வேலை செய்யாவிட்டால் விட்டுவிடுங்கள். அது பழைய ஆர்-12 வாயு. புது வாயுவுக்கு மாற்றுவதா இல்லையா என்பதை வாங்குபவரே தீர்மானிக்கட்டும்.

கேள்வி: விற்காமல் இங்கே கொண்டுவர முடியாதா? பெரியப்பாவுக்கு அதுதான் ஆசை. – அதே வாசகி

பதில்: அவர் ஆசை புரிகிறது. ஆனால் இலங்கையில் காரின் வயதுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு, இடப்பக்க ஸ்டியரிங் அதைவிடப் பெரிய தடை. விசேட அனுமதி இல்லாமல் துறைமுகத்தில் இறக்கினால் காசும் காரும் சேர்ந்து மாட்டும். கார் 5.85 மீற்றர் நீளம் வேறு. உப்புவெளிக் கடற்கரையின் உப்புக் காற்றில் அந்த வினைல் கூரைக்குக் கீழே என்ன நடக்கும் என்று நினைத்தாலும் மனம் ஒப்பவில்லை. நல்ல படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டிக் கொடுங்கள்.

கேள்வி: மைத்துனர் ஹூஸ்ரனில் 1976 கடிலாக் எல்டொராடோ திறந்த கார் வைத்திருக்கிறார். ‘கடைசித் திறந்த கார்’ என்று வாங்கி ஓட்டாமலே வைத்தது. பெரும் விலை வரும் என்கிறார். – வாசகர், நிலாவெளி

பதில்: அந்த வருடம் அந்தக் காரில் 14,000 செய்தார்கள். அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்ற பேச்சில் எத்தனையோ பேர் வாங்கி, ஓட்டாமல் துணி போர்த்தி வைத்தார்கள். அதனால் ஓட்டம் குறைந்த 1976 எல்டொராடோ இன்று அரிது அல்ல. போதாததற்கு 1984இல் கடிலாக் மறுபடியும் எல்டொராடோ திறந்த கார் செய்தது. ஏமாந்தோம் என்று பழைய சொந்தக்காரர்கள் வழக்கே போட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசியாகச் செய்த 200 கார்கள் அமெரிக்க இருநூறாம் ஆண்டுக்காக முழு வெள்ளையாக, சிவப்பு, நீலக் கோடுகளோடு வந்தன. மைத்துனரின் கார் அதுவென்றால் சான்றோடு காட்ட வேண்டும். அதுவல்ல என்றால் நல்ல கார், நல்ல விலை வரும், ஆனால் அவர் நினைக்கும் விலை வராது. ‘மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் எத்தனை செய்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேருக்கு அது வேண்டும் என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

ஓட்டாமல் வைத்த கார் என்றால் மேலே லிங்கனுக்குச் சொன்ன எழுப்பும் ஒழுங்கு இதற்கும் பொருந்தும். கூடவே பம்பருக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் இணைப்புத் துண்டுகளைப் பாருங்கள். அந்தக் காலக் கடிலாக்குகளில் அவை தொட்டாலே பொடியாகும்.

கேள்வி: விளம்பரம் எப்படி எழுதுவது? எத்தனை படம்? நான் திருகோணமலையில், கார் கனடாவில். – வாசகர், லிங்கநகர்

பதில்: நூறு படத்துக்குக் குறையாமல். வெளியே எட்டுக் கோணம், உள்ளே ஒவ்வொரு சீற்றும், கூரைத் துணி, டிக்கியின் அடித்தளம், மேலதிகச் சில்லு, போனற்றுக்குக் கீழே, கார் தூக்கியில் ஏற்றி அடிப்பகுதி முழுவதும், தகடுகள், காகிதங்கள், குறைகள். மேக மூட்டமான நாளில், வெறுமையான தரையில் எடுத்தால் நிறம் சரியாக வரும். அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டு எடுக்க வேண்டாம், கறளை மறைக்கத்தான் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை ஒரே துண்டு வீடியோவாக எடுக்க வேண்டும். தொடங்கும்போது கையைப் போனற்றில் வைத்துச் சூடு இல்லை என்று காட்டி, பிறகு உள்ளே போய்த் திறப்பைத் திருப்புவது நல்ல முறை. புகைக் குழாயையும் காட்ட வேண்டும்.

எழுத்து நேராக இருக்கட்டும். மேலே சொன்ன லிங்கனுக்கு, மீற்றர் மைலில் என்றால்: ‘இரண்டாவது சொந்தக்காரர். 11,400 மைல், 1984 முதல் பற்றுச்சீட்டு உண்டு. பெயின்ற் ஆலையுடையது, இடது பின் மூலையில் ஒரு கீறல். ரைமிங் செயின், பிறேக் ஹோஸ், ரயர் புதிது. குளிரூட்டி வேலை செய்யவில்லை. குடை உண்டு.’ இப்படி. ‘மிகச் சிறந்த நிலை’, ‘வாழ்நாளில் ஒருமுறை’ போன்ற சொற்கள் வேண்டாம்.

பிரிங் எ ட்ரெயிலரில் ஏலம் ஏழு நாள் ஓடும். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலை கூட்டினால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போகும். வாங்குபவரிடம் அவர்கள் 5 வீதம் எடுப்பார்கள், அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் விலை சொல்வார். அந்த ஏழு நாளும் கேள்விகள் வரும், அன்றன்றே பதில் போக வேண்டும். ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் கோடையில் திருகோணமலையில் மறுநாள் அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. விடிய எழும்புபவர் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த வேலையை இங்கிருந்தே செய்யலாம். படமும் காரும் மட்டும் அங்கே.

கேள்வி: காசும் காகிதமும் எப்படிக் கைமாற வேண்டும்? – அதே வாசகர்

பதில்: ஒன்ராறியோவில் தனியார் விற்பனைக்கு விற்பவர் ‘பாவித்த வாகனத் தகவல் தொகுதி’ ஒன்றைச் சேர்விஸ் ஒன்ராறியோவில் எடுத்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் 20 டொலர். இலக்கத் தகடு காரோடு போகாது, சொந்தக்காரருடன் நிற்கும், கழற்றி எடுக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ‘உள்ளபடியே’ விற்கலாம். ஆனால் அது இல்லாமல் வாங்குபவர் றோட்டுக்கு எடுக்க முடியாது, எடுத்த சான்றிதழ் 36 நாளைக்குத்தான் செல்லும். ஒன்ராறியோவில் வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றும்போது 13 வீத வரி கட்டுவார், அது உங்கள் கணக்கில் இல்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் வாங்கினால் 25 வயது கடந்த காருக்கு அங்கே பாதுகாப்பு விதியும், 21 வயது கடந்ததற்குப் புகை விதியும் தடையாக நிற்காது.

சொந்தக்காரர் இங்கே இருந்தால், அங்கே கையெழுத்திடுபவருக்கு நொத்தாரிசு முன்னிலையில் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வடிவத்தில் வேண்டும் என்று சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் அங்கே உள்ளவர் *முதலே* கேட்டுவிடட்டும். வாங்குபவர் வாசலில் நிற்கும்போது காகிதம் போதாது என்று தெரிந்தால் விற்பனை முறியும்.

காசு: வங்கி வழியாக நேரடி மாற்றம், அல்லது வாங்குபவரோடு அவர் வங்கிக்கே போய், காசாளர் எழுதிக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கும் வங்கி வரைவு. வீட்டுக்குக் கொண்டுவரும் வரைவு போலியாக இருக்கலாம். பேசிய விலைக்கு மேலே அனுப்பி, ‘மிச்சத்தைக் காரேற்றும் முகவருக்குக் கொடுங்கள்’ என்று சொல்பவர் திருடர், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். காசு கணக்கில் தெளிந்து நின்ற பிறகே திறப்பும் கையெழுத்தும்.

இங்கே அனுப்பும் டொலரை ரூபாயாக மாற்றாமல் வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தின் பிரதியை வங்கிக்குக் கொடுக்க ஆயத்தமாக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஐயாவின் 1950களின் செவர்லே இரண்டு கதவுக் கார் இருக்கிறது, ஸ்ரீ இலக்கம். எஞ்சின் பிறகு டீசலாக மாற்றியது. விற்கும் வரை எப்படிக் காப்பது? – வாசகர், உவர்மலை

பதில்: முதலில் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எஞ்சின் மாற்றம் அதில் ஏறியிருக்கிறதா? புத்தகத்தில் பெற்றோல், காரில் டீசல் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்யாமல் பெயர் மாறாது. செசி இலக்கத்தைக் கறள் தட்டி, துணியால் துடைத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். ஐயா இல்லை என்றால் வாரிசுப் பத்திரங்களும் வேண்டும். பழைய பெற்றோல் எஞ்சின் கொட்டிலின் மூலையில் கிடந்தால் இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வாங்குபவர் பலருக்குக் காரைவிட அதுதான் வேண்டும்.

காப்பதற்கு: பிளாஸ்ரிக் விரிப்பால் மூடாதீர்கள். மாரியில் கீழே ஈரம் ஏறி, விரிப்பின் உள்பக்கம் துளியாக நின்று கூரையில் விழும். பருத்தித் துணியால் மூடி, கொட்டிலின் இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் விடுங்கள். சில்லுகளை மண்ணில் நிறுத்தாமல் பலகையில் நிறுத்துங்கள், கறையான் ஏறாத பலகையாக. மாதம் ஒருமுறை மழை இல்லாத காலையில் கதவு, டிக்கி, போனற் மூன்றையும் திறந்து இரண்டு மணி நேரம் காற்று வாங்க விடுங்கள். அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்மலையில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர்தான்.

பம்பரின் குரோமில் கறள் புள்ளி இருந்தால் இரும்புக் கம்பளி போடாதீர்கள், கீறும். சொக்கலேற் சுற்றி வரும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். புள்ளி கரைந்து பழுப்புத் தண்ணீராக வடியும். துடைத்துக் காயவிட்டு மெழுகு பூசுங்கள். ஒரு பம்பருக்கு அரை மணி நேரம் போதும்.